தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பேத்திக்கு

தாயி,

பொங்கலுக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து என் மடியில் கொட்டினாய். நாற்பத்து மூன்று தீப்பெட்டிப் படங்கள், மூன்று பஸ் டிக்கெட், ஒரு கேன்டீன் டோக்கன். "இதையெல்லாம் எப்படிச் சேர்க்கணும், சின்னத் தாத்தா?" என்று கேட்டாய். அன்று வீடு நிறைய ஆட்கள். உட்கார்ந்து பதில் சொல்ல வாய்க்கவில்லை.

ஐம்பத்தெட்டு வருஷமாகச் சேர்க்கிறேன். அதில் முதல் இருபது வருஷம் தப்பும் தவறுமாகவே போனது. அந்தத் தவறுகள் உனக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நிதானமாகப் படி.

1. கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளாதே. தபால்தலை, நாணயம், சிகரெட் அட்டை, சினிமா நோட்டீஸ், லாட்டரிச் சீட்டு என்று நான் வாரிப் போட்டேன். பத்து வருஷத்தில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைந்தது. ஆனால் எதைப் பற்றியாவது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்குப் பேசத் தெரியாது. கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் தீப்பெட்டிப் படம் ஒன்றே போதும் என்று நின்றேன். நின்ற பிறகுதான் அது எவ்வளவு ஆழமான கிணறு என்று தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் அடுப்புகளைப் பற்றவைத்த தீக்குச்சிகளில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கப்பலில் வந்தவை. நம் சாமிகளையே படமாக அச்சடித்து, ஒட்டி, நமக்கு அனுப்பினார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியின் வெயில் குச்சி காயத் தோதாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்றுதான் சிவகாசியில் அச்சுத் தொழில் பெருகியது. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர்கூட அந்த வழியில் வந்ததுதான். ஒரு விரல் நீளக் காகிதத்துக்குள் இத்தனையும் இருக்கிறது. நீயும் ஒன்றைத் தேர்ந்துகொள். அது டோக்கனாக இருந்தாலும் சரி, பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் சரி.

2. எது கைக்கு வந்தாலும் அன்றைக்கே எழுதி வை. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், கொடுக்கும்போது என்ன சொன்னார், என்ன தேதி. நான் சொல்பவற்றில் இந்த ஒன்றை மட்டும் நீ பிடித்துக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

1984-ல் சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன லித்தோ அச்சாபீஸை மூடினார்கள். முதலாளி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பின்கட்டில் ஒரு சாக்கு நிறைய லேபிள். வெட்டாத முழுத் தாள்களும் இருந்தன. ஒவ்வொரு தாளிலும் மயிலும் மானும் வரிசை வரிசையாக நின்றன. எனக்குக் கை நடுங்கியது. சாக்கின் மேல் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது. இரண்டு பக்கம் புரட்டினேன். பார்ட்டி பெயர், படத்தின் பெயர், எத்தனை கலர், எத்தனை ரீம், தேதி. முத்து முத்தான கையெழுத்து. அதை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, படங்களைப் பையில் அடுக்கினேன். கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "இது வேண்டாமா, தம்பி?" "கணக்குதானே அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குப் புத்தி வந்து திரும்பிப் போனேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அவர் மேல் குற்றமே இல்லை. என்னிடம் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். அந்த அச்சாபீஸின் 612 படங்கள் இன்று என்னிடம் இருக்கின்றன. எது எந்த வருஷத்தது, யாருக்காக அடித்தது என்று ஒன்றுக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பெயர் தெரியாத பிள்ளைகளை வளர்ப்பது போலத்தான் அவற்றை வைத்திருக்கிறேன். புரட்டிய இரண்டு பக்கத்தில் ஒரே ஒரு வரி நினைவில் நின்றது: மயில், நாலு கலர், பன்னிரண்டு ரீம். தேதி நினைவில் இல்லை.

எழுதுவதைப் பென்சிலால் எழுது. படத்தின் முதுகில் எழுதாதே. தனிச் சீட்டில் எழுதி உடன் வை. பேனா மை நாளாவட்டத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

3. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு. படத்தின் வயதைப் படமே சொல்லும், பார்க்கத் தெரிந்தால். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த வருஷம்தான் ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1964-ல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. அந்த வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊர் ஊராக எண் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். லை, ணை, னை, ளை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு இருந்தால் 1978-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழக்கம் அது. ஆனால் பெரியார் தம் குடி அரசு இதழில் 1935-லேயே புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே புது எழுத்தைப் பார்த்த உடனே புதுக் காகிதம் என்று சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். மதுரையில் சேகரிப்பாளர்கள் நாங்கள் பத்துப் பேர் கூடியிருந்தோம். ஆல்பத்தில் ஒரு படத்தைக் காட்டி, துதிக்கைக் கொம்பு இருக்கிறது, ஐம்பதுகளில் அச்சானது என்றேன். ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், "ஐயா, இது அவ்வளவு பழசு இல்லை" என்றான். எனக்குக் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் அவனை உட்காரச் சொன்னேன். அவன் எழுந்து வந்து, ஆல்பத்தின் மூலையில் சொருகியிருந்த படத்தை மெல்ல வெளியே எடுத்துக் கீழ் ஓரத்தைக் காட்டினான். எறும்பு சைஸில் எழுத்து: காமராஜர் மாவட்டம். அந்தப் பெயரில் மாவட்டம் பிறந்ததே 1985-ல். 1997-ல் அது விருதுநகர் மாவட்டம் ஆனது. பழைய வரைபடத்தையே வைத்து முகவரியை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். கொம்பைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரியே அவனுக்கு ஒரு கார்டு எழுதி மன்னிப்புக் கேட்டேன். இன்றுவரை எனக்கு அவன் நல்ல சிநேகிதன். வயது குறிப்பதற்கு ஒரு விதி சொல்கிறேன், வைத்துக்கொள்: காகிதத்தில் இருப்பது சாட்சி சொல்லும், இல்லாதது சொல்லாது. பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்லலாம். இல்லை என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

4. விலை தெரியாதவரிடம் விலை பேசாதே. பழைய பேப்பர் கடைக்காரரிடம் பேரம் பேசு, அது அவர் தொழில், அவருக்கும் தெரியும். வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தருகிற பெரியவரிடம் அந்தப் பேச்சு கூடாது. ஒரு பாட்டி தன் புருஷன் சேர்த்துவைத்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார். கொட்டகையில் இடைவேளையில் விற்பார்களே, கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் புத்தகங்கள், அவைதான். நாற்பதுகளில் வந்த படங்களுடையவை. "என்ன கொடுக்கிறியோ கொடு ஐயா" என்றார். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்றே மாதத்தில் அதில் ஒரு புத்தகத்தை மட்டும் நானூறு ரூபாய்க்கு விற்றேன். அந்தப் பணத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு இரண்டு வருஷம் கழித்துப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். பாட்டி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது, தாயி. உனக்குத் தெரிந்த விலையை முதலில் அவருக்குச் சொல். பிறகு உன்னால் எவ்வளவு முடியுமோ அதைச் சொல். கொடுத்தால் வாங்கு, கொடுக்காவிட்டால் படம் எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வா.

5. பளபளப்பாக்காதே. என் அப்பத்தாவின் அக்காள் சின்ன வயதில் சிலோனுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிருந்து போன கூலியாட்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். தகர டிக்கெட் என்று பெயர். எந்தத் தோட்டத்து ஆள் என்பதற்கான எண்ணும் அந்த ஆளுக்கான எண்ணும் அதில் குத்தியிருக்கும். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது அந்த ஆளின் கடனாக நிற்கும். அப்படி ஒரு வில்லை எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. கறுத்து, அழுக்கேறி, ஓட்டையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எண்ணைப் படிக்க வேண்டும் என்ற ஆசை. கயிற்றை அறுத்து எறிந்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் பித்தளைக் குடத்தைத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். வில்லை வெளுத்தது. லேசாகக் குத்தியிருந்த எண்களில் கடைசி இரண்டும் தேய்ந்து மறைந்தன. அப்பத்தா வந்து பார்த்தாள். வில்லையைக் கையில் வாங்காமலே, "அந்தக் கயிறு எங்கே?" என்று கேட்டாள். அது அக்காள் கழுத்தில் கிடந்த கயிறு. சாக்கடையில் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. எண்ணைவிட அந்தக் கயிறு பெரிது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

உன் கேன்டீன் டோக்கனை உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டு. அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே.

6. காகிதத்துக்கு எதிரிகள் பல. செலோடேப் ஒட்டாதே, மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். லேமினேஷன் போடாதே, போட்டால் பிரிக்கவே முடியாது. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்தால் கறை ஏறும். பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் பின் துருப்பிடித்திருந்தால் நகத்தால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைத்து வை. அலமாரியில் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடு. மாதம் ஒரு முறை திறந்து பார். பூச்சிக்குப் பிடித்த இடம் யாரும் திறக்காத பெட்டிதான். பெட்டியோடு ஒட்டிய படத்தைப் பிரிப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுவதற்கு முன் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார். சாயம் பஞ்சில் ஏறினால் அதோடு விட்டுவிடு. அயர்ன் பெட்டி பக்கமே போகாதே.

7. ஒட்டிய கையை நினை. நான் கோவில்பட்டியில் வேலை பார்த்த நாட்களில் விடியுமுன்னே கிராமம் கிராமமாகப் பஸ் வரும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். உன் வயதுகூட இல்லாத பெண்பிள்ளைகள். குச்சிகளைக் கட்டையில் அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மணியார்டர் வாங்க அம்மாவோடு கவுண்டருக்கு வரும் பிள்ளைகளின் விரலிடுக்கில் பசை காய்ந்திருக்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் அந்த வேலை உடனே நின்றுவிடவில்லை. அத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. நான் படம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. மரச்சீவலில் செய்தது. மேலே கிளிப்படம், கொஞ்சம் கோணலாக ஒட்டியது. பக்கவாட்டில் பசையோடு பதிந்த கட்டை விரல் ரேகை. என் விரலை அதன் மேல் வைத்தால் பாதி அளவுகூட இல்லை. அந்தப் படத்தைத் தண்ணீரில் போட்டுப் பிரிக்கத் தட்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகு தட்டைக் கவிழ்த்துவிட்டேன். கிளி எவ்வளவு அழகு என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திருப்பி அந்த ரேகையையும் காட்டுவேன். நீயும் காட்டு.

8. போலியைப் பார்த்து முகம் சுளிக்காதே, ஏமாறவும் செய்யாதே. இரண்டும் வேறு வேறு. ஒரு படம் சந்தையில் ஓடினால் அதே சாயலில் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பத்துப் பேர் அடிப்பார்கள். அந்த நகல்களும் அந்தக் காலத்தவைதான். அவற்றையும் சேர். எதை எதைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள் என்பதே ஒரு சரித்திரம். இப்போது கம்ப்யூட்டரில் அடித்துத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசு என்று விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று. லென்ஸ் வைத்துப் பார். கையால் வரைந்த லித்தோவில் புள்ளிகள் மழைத்துளி விழுந்த மண் போல ஒழுங்கில்லாமல் இருக்கும். புதிய அச்சில் கோலப்புள்ளி போல வரிசை பிசகாது. கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பதும் உதவும். காகிதத்தை வெளுப்பாக்கும் மருந்து பெரிதாகப் புழங்கத் தொடங்கியது 1950-க்குப் பிறகுதான். முந்திய காலத்துக் காகிதம் என்று சொல்லி விற்பது அந்த விளக்கில் பளிச்சென்று மின்னினால் பணத்தை எடுக்காதே.

9. மாற்றிக்கொள்ளும்போது உன் பொருளின் குறையை நீயே முதலில் சொல். மடிப்பு இருக்கிறது, பின்னால் ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்று. அப்படிச் சொன்னால் ஒரு பேரம் போகும், ஆள் போகமாட்டார். இரண்டாவது பிரதியைப் பூட்டி வைக்காதே. இல்லாத பிள்ளைக்குக் கொடு.

10. வீட்டுக் காசை எடுக்காதே. ஒரு ஆவணி மாதம் பள்ளிக்கூட ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு ஜப்பான் லேபிள் கட்டு வாங்கினேன். உன் சின்னப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தன் மூக்குத்தியை அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள். அந்தக் கட்டை அதற்குப் பிறகு நான் சந்தோஷமாகப் பிரித்ததே இல்லை.

11. உனக்குப் பிறகு இது எங்கே போகும் என்று இப்போதே நினை. சின்ன வயதுதானே என்று இருக்காதே. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று ஊரார் கழித்துப்போட்டதையெல்லாம் காப்பாற்றினார். 1992-ல் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் கைகொடுத்ததால் அந்தத் தொகுப்பு சிதறாமல் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக ஆனது. தமிழ்நாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றும் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்த சினிமாத் தகவல்களைத் தமிழ்நாடு அரசே வாங்கியது. எல்லாருக்கும் அப்படி அமையாது. எனக்குத் தெரிந்த மூன்று பேர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது அவர்கள் பதினாறாம் நாள் முடிவதற்குள் கிலோக் கணக்கில் போனது. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் என் பெட்டிகளை ஒவ்வொன்றாக இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். சித்திரை லீவுக்கு வா. 612 படங்களையும் எடுத்து வைப்போம். அந்த அச்சாபீஸில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சாத்தூரில் இருக்கிறார் என்று போன வாரம்தான் தெரிந்தது. எண்பத்தேழு வயது. காது கொஞ்சம் மந்தம், கண் நன்றாக இருக்கிறதாம். படங்களை ஒவ்வொன்றாக அவரிடம் காட்டி, அவர் என்ன சொன்னாலும் நீ எழுதிக்கொள். வரும்போது கோடு போட்ட ஒரு பெரிய நோட்டு வாங்கி வா. பின் அடித்தது வேண்டாம், நூல் தைத்ததாகப் பார்த்து வாங்கு.

உன் சின்னத் தாத்தா